குரோனோகிராப் கடிகாரங்களும் முகப்பின் நுண்பணியும்

கைக்கடிகாரங்களுள் ஒருவகையைக் 'குரோனோகிராப்' என வழங்குகிறோம். நேரங்காட்டுவதோடு, ஒரு நிகழ்ச்சி தொடங்கி முடியும் வரையுள்ள கால அளவைத் தனியே அளந்து காட்டும் பணியையும் இது செய்யும். பக்கவாட்டிலுள்ள பொத்தானை அழுத்தினால் நடுமுள் ஓடும். மீண்டும் அழுத்தினால் நிற்கும். மற்றொரு பொத்தான் அதனைத் தொடக்க நிலைக்குக் கொணரும். கிரேக்க மொழியில் 'குரோனோஸ்' என்பது காலம். 'கிராபெய்ன்' என்பது எழுதுதல். காலத்தை அளக்கும் கருவிக்கு எழுதுதல் என்னும் பொருள்படப் பெயரிட்டது ஏன் என்னும் வினா மொழி பயில்வோர்க்கு எழுதல் இயல்பே. 1821-ஆம் ஆண்டு பாரிசு நகரில் நடைபெற்ற குதிரைப் பந்தயத்தில் நிக்கோலா ரியூசெக் என்னும் கடிகார வினைஞர் பயன்படுத்திய கருவி, குதிரைகள் எல்லையைக் கடந்தபோது சுழலும் முகப்புத் தட்டின்மீது மைப்புள்ளி இட்டது. ஆகவே அக்கருவி மெய்யாகவே எழுதியது. பின்வந்த கருவிகள் மையை விட்டன, பெயரை விடவில்லை.

இவ்வகைக் கடிகாரத்தின் முகப்பு, ஏனைய கடிகாரங்களின் முகப்பைவிடப் பெருஞ்சுமை தாங்குவது. மணி, நிமிட முட்களோடு ஓடும் வினாடி, கடந்த நிமிடம், கடந்த மணி ஆகியவற்றைக் காட்டும் சிறுவட்டங்கள் இரண்டோ மூன்றோ அதன்மீது அமைகின்றன. விளிம்பைச் சுற்றி அளவுகோல் ஒன்றும் உண்டு. வேகங்காட்டும் அளவுகோலாயின், 1 கிலோமீட்டரை 30 வினாடியில் கடந்த வண்டிக்கு 120 எனக் காட்டும். 3600-ஐ வினாடியால் வகுத்த ஈவே அது. மருத்துவர்க்கென அமைந்த முகப்பிலோ நாடித்துடிப்பின் அளவுகோல் இருக்கும். முப்பது துடிப்பு எண்ணும் வகையில் வரைந்ததாயின், அத்துணைத் துடிப்பும் 20 வினாடியில் நிகழ்ந்தபோது முள் 90-இல் நிற்கும். இவ்வளவும் மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலத்துள் அடங்க வேண்டும். ஒரு நொடிப் பார்வையில் விளங்கவும் வேண்டும். இதற்கு விடையாக வந்ததே நுண்பணி. அதனை வெறும் ஒப்பனை என்பது பொருந்தாது.

சிறுவட்டங்களைக் கருதுவோம். அவை பெரும்பாலும் முகப்பின் பரப்பினின்றும் சற்றே தாழ்த்தப்பட்டிருக்கும். அத்தாழ்வினுள் ஒன்றனுள் ஒன்றாக மயிரிழை போன்ற வட்டக்கோடுகள் செதுக்கப்பட்டிருக்கும். குளத்தில் கல்லெறிந்தால் எழும் அலைவட்டத்தை ஒத்தவை இவை. வெளிப்பரப்பில் ஒளி பரவி விழ, இவ்வட்டக்கோடுகளில் மட்டும் அது எதிரெதிரான இரு கீற்றாகத் திரண்டு, கையைத் திருப்புந்தோறும் சுழல்கிறது. வண்ணத்தை மாற்றாமலே இங்ஙனம் சிறுவட்டம் தனித்து நிற்கிறது. முகப்பு முழுவதும் நடுவினின்று கதிர்போல் விரியும் கோடுகளைத் தீட்டுவது மற்றொரு முறை. எழுத்துகளும் அளவுகோலும் அச்சிடப்படும் முறை வியப்புக்குரியது. எஃகுத் தகட்டில் குழிவாகச் செதுக்கிய வடிவத்துள் மையை நிரப்பி, மிகுதியை வழித்தெடுத்து, மென்மையான சிலிக்கோன் திண்டினால் அம்மையை ஒற்றி எடுத்து முகப்பின்மீது பதிக்கின்றனர். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் பதிப்பதால் எழுத்து மேடிட்டு நிற்கும். உருப்பெருக்கியால் நோக்குவார்க்கு அம்மேடும் அதன் கூரிய விளிம்பும் புலப்படும்.

1957-இல் ஒமேகா நிறுவனம் வெளியிட்ட ஸ்பீட்மாஸ்டர் கடிகாரத்தை நல்ல சான்றாகக் கொள்ளலாம். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1965-இல் இதனைத் தன் வீரர்க்கென ஏற்றது. 1969-இல் ஆல்டிரின் சந்திரனில் நடந்தபோது இதனை அணிந்திருந்தார். இதன் முகப்பு ஒளியை எதிரொளிக்காத கருமை வாய்ந்தது. தொடக்கத்தில் முகப்பின் ஓரம் ஒரு படி தாழ்ந்திருந்தது. ஒமேகா முத்திரையும் தனி உலோகத் துண்டாகப் பொருத்தப்பட்டிருந்தது. 1960-களின் இறுதியில் முத்திரை அச்செழுத்தாயிற்று. 1970-களின் நடுவில் படியும் மறைந்தது. 2021-இல் வந்த புதிய வடிவில் படி மீண்டது. அவ்வாண்டின் நீலமணிக் கண்ணாடி வகையில் முத்திரை உலோகத் துண்டு; பிளாஸ்டிக் கண்ணாடி வகையில் அச்செழுத்து. பெயர் ஒன்றேயாயினும் முகப்பு இரண்டு.

நுண்ணிய வேறுபாடு எத்துணைப் பொருள் பெறும் என்பதற்கு ரோலெக்ஸ் டேடோனா சான்று. இது 1963-இல் வந்தது. இதன் முகப்புகளுள் ஒருவகையில் சிறுவட்டங்களின் கோட்டு முனைகளில் சின்னஞ்சிறு சதுரங்கள் இருக்கும். விளிம்பு வளையம் வேறு நிறத்தில் அமையும். வெளிவந்த காலத்தில் வாங்குவார் குறைவாயிருந்த இவ்வகை, நடிகர் பால் நியூமன் அணிந்தமையால் அவர் பெயரையே பெற்றது. அவருடைய கடிகாரம் 2017-இல் நியூயார்க்கு ஏலத்தில் 1,77,52,500 டாலருக்கு விலைபோயிற்று. அச்சதுரங்களைப் போலியாக அச்சிடுவோர் தோன்றியதில் வியப்பில்லை.

போலியினும் பரவலான கேடு மறுவண்ணம் பூசுதல். பழைய முகப்பு மங்கியதெனக் கருதி, அதனைச் சுரண்டிப் புதிதாக அச்சிட்டுத் தருவர். நம் நாட்டுச் சந்தைகளிலும் இது மிகுதி. பளபளப்பு வரும், வட்டக்கோடுகள் வண்ணத்தில் மூழ்கும், எழுத்துகள் தடிக்கும். சிதைந்த ஏட்டைப் பெயர்த்தெழுதுவோன் தனக்கு விளங்காத இடத்தைத் தன் சொல்லால் நிரப்புவது போன்றதே இச்செயல். மூலம் சிதைந்திருப்பினும் மூலமே என்பது எம் கருத்து. கருமுகப்பு வெயிலால் பழுப்பேறியதைக்கூடச் சேகரிப்போர் மிகுவிலை கொடுத்து வாங்குகின்றனர்.

முகப்பின் அடியில் ஆறுமணிக் குறியருகே உள்ள எழுத்தையும் நோக்க வேண்டும். அங்குச் 'சுவிஸ்' என்னும் சொல்லின் இருபுறமும் 'டி' என்னும் எழுத்திருப்பின், இருளில் ஒளிரும் பூச்சு டிரிட்டியம் கலந்ததென அறியலாம். 1960-கள் முதல் 1990-களின் இறுதி வரை இவ்வழக்கு இருந்தது. டிரிட்டியத்தின் அரையாயுள் ஏறத்தாழ 12 ஆண்டே. ஆதலின் அப்பழைய பூச்சு இன்று பளிச்சென ஒளிருமாயின் அது பின்னாளில் இட்டதென ஐயுறலாம்.

அதற்கு முன்னர் இருந்தது ரேடியம். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்து ஆரஞ்சு நகரில், முகப்பின் எண்களுக்கு ரேடியப் பூச்சிட்ட இளம்பெண்கள் தூரிகையை இதழால் கூராக்குமாறு பயிற்றப்பட்டனர். தாடையெலும்பு அரித்துப் பலர் மாண்டனர். ஐந்து பெண்கள் 1927-இல் வழக்குத் தொடுத்தனர். மறு ஆண்டு இழப்பீட்டுடன் உடன்பாடு ஏற்பட்டது. ரேடியத்தின் அரையாயுள் ஏறத்தாழ 1600 ஆண்டு. ஒளிதரும் துத்தநாகச் சல்பைடு நாட்பட்டுச் செயலிழப்பதால் எண்கள் ஒளிராமற் போகும், கதிர்வீச்சோ குறைவதில்லை. பாட்டனார் வைத்துச் சென்ற கடிகாரம் அக்காலத்ததாயின், அதன் மூடியைத் திறந்து முகப்பைத் துடைப்பதோ சுரண்டுவதோ கூடாது. உதிரும் தூள் மூச்சோடு உட்சென்றால் எலும்பிற்சென்று தங்கும்.