உங்களுக்குத் தெரியுமா? ஒற்றை கேபிள் ஓர் அலுவலகத்தையே முடக்கிவிடும்

ஒரு கேபிளின் இரு முனைகளையும் தவறுதலாக, கணினிகளை இணைக்கும் ஒரே சுவிட்சில் செருகினால், சில நொடிகளில் அலுவலக நெட்வொர்க் முழுவதும் ஸ்தம்பித்துப் போகலாம். எல்லாக் கணினிகளுக்கும் என்று வரும் செய்தியை, சுவிட்ச் மற்ற போர்ட்டுகள் அனைத்திலும் நகலெடுத்து அனுப்பும். சுற்றுப்பாதை ஒன்று இருந்தால் அந்த நகல் திரும்பி வந்து மறுபடி நகலாகும். ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் எண் உண்டு. ரவுட்டருக்கு ரவுட்டர் அந்த எண் குறைந்து, பூஜ்யமானதும் பாக்கெட் கைவிடப்படும். சுவிட்சுகள் கையாளும் ஈதர்நெட் ஃப்ரேமுக்கு அந்த ஏற்பாடே கிடையாது. அதனால் இந்தச் சுழற்சி தானாக ஓய்வதில்லை. சுவிட்சின் விளக்குகள் எல்லாம் ஒருசேர, இடைவிடாமல் மின்னுவது இதன் அடையாளம்.

இதற்கு அழகான தீர்வைத் தந்தவர், 1985இல் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன். அவர் வகுத்த ‘ஸ்பானிங் ட்ரீ’ முறையில் சுவிட்சுகளே தங்களுக்குள் தகவல் பரிமாறி, ஒன்றை வேராகத் தேர்ந்தெடுக்கின்றன. அதிலிருந்து மரம்போல் கிளைக்கும் வழிகள் மட்டும் திறந்திருக்கும். உபரி இணைப்புகள் அடைபடும். திறந்த வழி அறுந்தால், அடைபட்டது திறந்துகொள்ளும். 1990இல் இது ஐஇஇஇ 802.1டி என்ற தரநிலையில் இடம்பெற்றது. விலை மலிவான சுவிட்சுகள் பலவற்றில் இந்த வசதி இல்லை. அங்கே சுழற்சி ஏற்பட்டால், கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, விளக்குகள் எப்போது அடங்குகின்றன என்று பார்க்க வேண்டும்.