அம்மை என்று நினைத்த ஐந்து நாள்

அந்த அம்மாவின் தலைமாட்டில் வேப்பிலைக் கொத்து இருந்தது. உடம்பெல்லாம் சிவந்து, உதடும் வாயும் புண்ணாகி, கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தார். "அம்மை போட்டிருக்கு சிஸ்டர், அஞ்சு நாளாச்சு. இன்னும் தண்ணி ஊத்தல" என்றார் மகன். மஞ்சப்பையில் இருந்த மாத்திரைகளைக் கட்டிலில் கொட்டச் சொன்னேன். கார்பமாசிபைன். முக நரம்பு வலிக்காக மூன்று வாரத்துக்கு முன் தொடங்கியது. அம்மை என்று நினைத்த ஐந்து நாளும் வேளை தவறாமல் கொடுத்திருக்கிறார்கள்.

அதற்குப் பெயர் ஸ்டீவன்ஸ் ஜான்சன். தீப்பட்டதுபோல் தோல் உரியும், உயிரையும் எடுக்கும். காரணமான மருந்தை எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவு நல்லது. டாக்டர் உடனே நிறுத்தினார். அந்த அம்மா பிழைத்தார்.

கேஸ் ஷீட்டில் மருந்தின் பெயரைச் சிவப்பு மையில் எழுதினேன். என் வேலை முடிந்தது என்றே நினைத்தேன். மருந்தியல் துறையிலிருந்து வந்த இளம் டாக்டர், "படிவம் போட்டாச்சா சிஸ்டர்?" என்று கேட்டபோது விழித்தேன். பத்தொன்பது வருட சர்வீசில் அந்தப் படிவத்தை நான் பார்த்ததே இல்லை. கேஸ் ஷீட் ரெக்கார்டு ரூமுக்குப் போய்விடும். அடுத்த ஊர் நர்சுக்கு அதனால் என்ன பயன்?

மருந்துகளின் பக்கவிளைவுகளைத் தெரிவிக்க 2010இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் படிவம் அது. படிவங்கள் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையத்துக்குப் போகின்றன. அங்கிருந்து ஸ்வீடனின் உப்சாலாவில் உள்ள உலகத் தொகுப்புக்கும். நர்ஸ், மருந்தாளுநர், நோயாளி, யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். நோயாளியின் பெயரின் முதல் எழுத்துகள், சந்தேகப்படும் மருந்து, என்ன ஆனது, எழுதுபவர் யார்: இந்த நான்கும் அவசியம். நிரூபிக்கத் தேவையில்லை, சந்தேகம் போதும்.

எங்களைத் தடுப்பது பயம்தான். ஊசி போட்டவள் நான், என் தலையில் விழுமோ என்ற பயம். படிவம் அனுப்புவது தவறை ஒப்புக்கொள்வது ஆகாது என்று அந்தப் படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது. இதை நர்சிங் மாணவிகளுக்கு முதல் வருடமே வாசித்துக் காட்ட வேண்டும்.

'தெரிந்த பக்கவிளைவுதானே' என்று அனுப்பாமல் விடுவதும் சரியில்லை. மாதவிடாய் வலிக்கு வீட்டுக்கு வீடு போடும் மெஃபனமிக் அமிலம் டிரெஸ் என்ற கடும் ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று 2023 நவம்பரில் ஆணையம் எச்சரித்தது, இப்படி வந்து சேர்ந்த படிவங்களை வைத்துத்தான். தாலிடோமைடு என்ற மருந்து கருவிலேயே குழந்தைகளின் கைகால்களைச் சிதைத்தபோதும், 1961இல் மெக்பிரைடு என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் லான்செட் இதழுக்கு எழுதியது சின்னக் கடிதம்தான். வேறு யாராவது இப்படிப் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தார்.

வீட்டிலிருந்து நீங்களே சொல்ல 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். பேட்ச் எண் அதில்தான் இருக்கும். கடையில் பாதி அட்டை வெட்டிக் கொடுத்தால், பெயரும் பேட்ச் எண்ணும் இருக்கும் பாதியைக் கேட்டு வாங்குங்கள்.