வீட்டை விற்று உருவாக்கிய விளையாட்டு

கோடை விடுமுறைக்குத் திண்டுக்கல் வந்திருந்த என் பேரன், தொலைக்காட்சிப் பெட்டியுடன் ஒரு சிறு கருவியை இணைத்து விளையாடிக்கொண்டிருந்தான். திரையில் ஒரு சிறுமி திரிசூலத்தைச் சுழற்றி அசுரர்களை வீழ்த்திக்கொண்டிருந்தாள். சுற்றிலும் ராஜஸ்தானத்தை நினைவூட்டும் கோட்டைகளும் மாடங்களும். ஜப்பானியர்கள் நம் புராணத்தையும் விட்டுவைக்கவில்லை போலும் என்று எண்ணிக்கொண்டு, "இது எந்த நாட்டில் செய்தது?" என்று கேட்டேன். "புணேயில் செய்தது, தாத்தா" என்றான்.

அந்த விளையாட்டின் பெயர் 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்'. புணேயைச் சேர்ந்த 'நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்' என்ற சிறு நிறுவனம் உருவாக்கியது. நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்காக 2020 ஆகஸ்ட் 18 அன்றும், ப்ளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், கணினி ஆகியவற்றுக்காக அதே ஆண்டு அக்டோபரிலும் வெளிவந்தது. அசுரர்கள் கவர்ந்து சென்ற தன் தம்பியை மீட்கப் புறப்படும் ஒரு கழைக்கூத்துச் சிறுமியின் கதை இது. துர்க்கையும் திருமாலும் அக்கதையைச் சொல்லிச் செல்கிறார்கள்.

இத்தகைய விளையாட்டுகளை 'ஹேக் அண்ட் ஸ்லாஷ்' என்பர். பகைவர் கூட்டத்தை ஆயுதத்தால் வெட்டிச் சாய்த்து முன்னேறுவதே இவற்றின் இயல்பு. வழியில் பெறும் ஆற்றலை எந்தத் திறனை வளர்க்கச் செலவிடுவது என்பதை ஆடுபவரே முடிவு செய்ய வேண்டும். அளவான வளத்தை எதில் இடுவது என்ற கேள்வி, நான் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பறையில் கேட்டுவந்த கேள்விதான்.

காணொலி விளையாட்டு என்றதும் நம் இல்லங்களில் எழும் முதல் அச்சம், பணத்தை இழந்தவர்களைப் பற்றியது. அந்த அச்சம் நியாயமானது. தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்யும் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு இயற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. அதே சட்டம் மின்விளையாட்டுப் போட்டிகளையும் பணயமற்ற விளையாட்டுகளையும் ஊக்குவிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. ராஜி போன்றது ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் பொருள். அதில் பணயமும் இல்லை, பரிசுத்தொகையும் இல்லை. ஒரு புதினத்தை வாங்குவதற்கும் சீட்டாட்டத்தில் அமர்வதற்கும் உள்ள வேறுபாடு இது. தடையைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். ஊக்குவிப்பு என்பது என்ன என்று இன்னும் போதிய அளவில் பேசவில்லை.

அதற்கு இத்தொழிலின் செலவுக் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். ஓர் ஆலையில் ஒவ்வொரு பொருளுக்கும் மூலப்பொருளும் கூலியும் தேவை. விளையாட்டிலோ செலவு முழுவதும் முதல் பிரதி உருவாகும்வரைதான். ஓவியர், நிரலாளர், இசையமைப்பாளர், கதாசிரியர் ஆகியோர் மூன்று, நான்கு ஆண்டுகள் உழைப்பார்கள்; அதுவரை வரவு ஒரு ரூபாய்கூட இல்லை. வெளியான பின்போ, இரண்டாவது பிரதிக்கும் இரண்டு இலட்சமாவது பிரதிக்கும் கூடுதல் செலவு ஏறக்குறைய இல்லை. வென்றால் பெரும் ஈட்டம், தோற்றால் முழு இழப்பு. வருவாயே இல்லாத அந்த ஆண்டுகளைக் கடக்க யார் துணை நிற்பது என்பதே இத்தொழிலின் உயிர்நிலைக் கேள்வி.

ராஜியின் வரலாறு இதற்குச் சான்று. பொதுமக்களிடம் முன்கூட்டியே நிதி திரட்டும் 'கிக்ஸ்டார்ட்டர்' தளத்தில் 2017இல் செய்த முயற்சி தோல்வியுற்றது. நிறுவனர்களுள் ஒருவர் தம் வீட்டை விற்றுப் பணியைத் தொடரச் செய்தார். பின்னர் அமெரிக்காவின் எபிக் கேம்ஸ் நிறுவனம் படைப்பாளர்களுக்கு வழங்கும் நல்கை கிடைத்தது. 2020ஆம் ஆண்டின் 'தி கேம் அவார்ட்ஸ்' விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான இறுதிப் பட்டியலில் ராஜி இடம்பெற்றது. விற்பதற்கு வீடும், அந்நிய நிறுவனத்தின் நல்கையும் இல்லாதிருந்தால், இப்படைப்பு பாதியிலேயே நின்றிருக்கக்கூடும்.

திண்டுக்கல்காரர்களுக்கு இந்தப் பாடம் புதிதன்று. எங்கள் ஊர்ப் பூட்டு, கைத்திறனுக்குப் பெயர் பெற்றது. மாங்காய்ப் பூட்டின் உள்ளமைப்பைக் கையாலேயே அமைக்கும் கலைஞர்கள் இங்கே இருந்தார்கள். இன்றும் சிலர் இருக்கிறார்கள். அலிகாரிலிருந்து வந்த இயந்திரப் பூட்டுகளின் விலைக்கு அவர்களால் ஈடுகொடுக்க இயலவில்லை. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது மகிழ்ந்தோம். ஆனால் அதற்குள் பெரும்பாலோரின் பிள்ளைகள் வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டார்கள். திறன் மட்டும் ஒரு தொழிலைக் காப்பாற்றாது. உரிய காலத்தில் முதலும் சந்தையும் அதைத் தேடி வர வேண்டும்.

போலந்து இதை உணர்ந்தது. வார்சாவில் 1994இல் தொடங்கப்பட்ட 'சிடி ப்ராஜெக்ட்' நிறுவனம், தம் நாட்டு எழுத்தாளர் ஆந்த்ஷேய் சப்கோவ்ஸ்கியின் மாயக் கதைகளை 'தி விட்சர்' என்ற வாள்வீச்சு விளையாட்டாக்கியது. 2011இல் வார்சா வந்த அமெரிக்க அதிபர் ஒபாமாவுக்குப் போலந்துப் பிரதமர் அளித்த பரிசுகளுள் அதன் இரண்டாம் பாகமும் ஒன்று. 2016இல் விளையாட்டுத் தொழில்நுட்ப ஆய்வுக்கென்றே அந்நாடு தனி நிதித் திட்டம் வகுத்தது.

நம்மிடம் கதைக்குப் பஞ்சமில்லை. கணவரை 1772இல் இழந்த வேலு நாச்சியார், எங்கள் மாவட்டத்து விருப்பாச்சியில் கோபால் நாயக்கரிடம் அடைக்கலம் பெற்றுப் படை திரட்டி, சிவகங்கைச் சீமையை மீட்டார். ராஜியின் கதையைவிட இது குறைந்ததா? ஆனால் தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையலறையைச் சொல்லி, 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருது பெற்ற 'வெண்பா' விளையாட்டு உருவானது கனடாவின் டொரோண்டோவில்.

செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, மாதத் தவணை கேட்கும் வங்கிக் கடன் இத்தொழிலுக்குப் பொருந்தாது. முன்மாதிரி, பாதிப்பணி, நிறைவு எனப் படிப்படியாக விடுவிக்கும் நிதியே பொருந்தும். வெற்றி பெற்றவற்றின் வருவாயில் ஒரு பங்கு அந்நிதிக்கே திரும்ப வேண்டும். இரண்டாவது, பத்தில் பல தோற்கும் என்பதை அரசும் தணிக்கையாளரும் முன்னரே ஏற்க வேண்டும். தோற்ற முயற்சியிலும் பயிற்சி பெற்ற கைகள் மிஞ்சும். பொதுப்பணம் செலவிடுவதற்கான நியாயம் அதுவே. மூன்றாவது, நம் கல்லூரிகளில் நிரல் எழுதுவோரும், சிற்பமும் இசையும் வரலாறும் பயில்வோரும் ஒரே மேசையில் அமர வழி செய்ய வேண்டும்.

பிள்ளைகள் எவ்வளவு நேரம் விளையாடலாம் என்பதைப் பெற்றோர் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். என் பேரனுக்கும் ஒரு மணி நேரம்தான். ஆனால் நாளை அவன் வயதொத்த ஒரு திண்டுக்கல் மாணவி, விருப்பாச்சியின் கதையை விளையாட்டாக்க முன்வந்தால், அதற்காக அவள் குடும்பம் வீட்டை விற்கும் நிலை வரக்கூடாது.