எஃப்.ஏ. கோப்பை: செல்வந்தர் அணியைத் திணறடித்த ஆலைத் தொழிலாளர்கள்

இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை கால்பந்துப் போட்டி 1871-இல் தொடங்கியபோது, செல்வந்தர்களின் அணிகளே அதில் ஆதிக்கம் செலுத்தின. அந்த ஆதிக்கத்துக்கு 1879-இல் சவால் விடுத்தது, லங்காஷயரின் பஞ்சாலை நகரமான டார்வெனின் உள்ளூர் அணி.

ஈட்டன் பள்ளி முன்னாள் மாணவர்களின் ஓல்டு ஈட்டோனியன்ஸ் அணிக்கு எதிரான காலிறுதியில் 1-5 எனப் பின்தங்கிய டார்வென், இறுதிக் கட்டத்தில் 4 கோல்கள் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தது. கூடுதல் நேரம் ஆட எதிரணி மறுத்தது. மறு ஆட்டமும் 2-2 எனச் சமனில் முடிந்தது.

மூன்று ஆட்டங்களும் லண்டன் ஓவல் மைதானத்திலேயே நடைபெற்றதால், தொழிலாளர்கள் வேலையை விட்டு மீண்டும் மீண்டும் நெடும்பயணம் மேற்கொள்ள நேர்ந்தது. பயணச் செலவுக்கு ஊர் மக்கள் நிதி திரட்டினர். மூன்றாவது ஆட்டத்தில் டார்வென் 2-6 எனத் தோற்றது. ஈட்டோனியன்ஸ் கோப்பையை வென்றது.

எனினும் 1883 இறுதி ஆட்டத்தில், டார்வெனின் அண்டை நகர அணியான பிளாக்பர்ன் ஒலிம்பிக், அதே ஈட்டோனியன்ஸை 2-1 என வீழ்த்தியது. ஊதியம் பெற்று ஆடுவதற்கு 1885-இல் அனுமதி கிடைத்தது.