மழைக்கு முன்பே பாக்கு மரத்துக்கு மருந்து ஏன்?

நோயே வராத பாக்குக் குலைக்கு மருந்து எதற்கு என்கிறீர்களா? கர்நாடகத்தின் மலைநாட்டுத் தோப்புகளை வாட்டிய காயழுகல் நோய்க்கு விடை தேடியவர், 1908-ல் மைசூர் சமஸ்தானத்துக்கு வந்த கனடா நாட்டு அறிஞர் லெஸ்லி கோல்மன். இந்த நோயை உண்டாக்கும், பூஞ்சை போன்ற நுண்ணுயிரியின் வித்துகள், காயில் படிந்த மழைநீரில் நீந்திப் போய் உள்ளே துளைக்கின்றன. அவர் கண்ட விடையான, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை வாசற்காவலாளி மாதிரி. நுழைய வருபவனைத் தடுக்கும்; வீட்டுக்குள் புகுந்துவிட்டவனைப் பிடிக்காது. ஆகவே நோய் கண்ட பிறகு தெளிப்பது அந்தக் காயைக் காப்பாற்றாது. மழை இந்தக் கலவையைக் கழுவிவிடாதா? சுண்ணாம்பு அதைக் காயோடு ஒட்டவைக்கிறது. ஈரம் படப்படச் செம்பு சிறுகச் சிறுகக் கசிந்து வித்துகளைக் கொல்கிறது. ஆனாலும் தேயத்தான் செய்யும். அதனால்தான் 40, 45 நாளில் மறுபடி தெளிக்கிறார்கள். அழுகி உதிர்ந்த காய்களையும் பொறுக்கி அழிக்கிறார்கள்.