யாரும் பார்க்காத தொலைக்காட்சி

“தொலைக்காட்சி அது பாட்டுக்கு ஓடுகிறது. பிள்ளைகள் பார்ப்பதே இல்லை. அதனால் என்ன கெடுதல்?” வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தாய்மார்கள் பலர் கேட்கும் கேள்வி இது. என்ன நிகழ்ச்சியைப் பார்க்கலாம், எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பது பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். யாரும் பார்க்காமல் ஓடும் தொலைக்காட்சியைப் பற்றிப் பேசுவதில்லை. குழந்தையின் பேச்சு வளர்ச்சிக்கு அதுவும் ஒரு தடை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நாட்டின் முதல் உயர் தொழில்நுட்பத் தொழிற்பூங்காவான கூலிம் ஹைடெக் பூங்கா 1996ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் பிறகு சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பலர் கூலிம், லூனாஸ், பாடாங் செராய் தாமான்களில் குடியேறித் தொழிற்சாலை வேலைக்குச் சென்றார்கள். தோட்டத்தில் தாய் பால் வெட்டப் போனால் குழந்தை ஆயாக் கொட்டகையில் இருக்கும். தாமானிலோ பக்கத்து வீட்டு அக்காவோ பாட்டியோதான் ஆயா. அதே 1996ஆம் ஆண்டில் ஆஸ்ட்ரோ துணைக்கோளத் தொலைக்காட்சியும் வந்தது. வீட்டுக் கூடத்தில் நாள் முழுவதும் தமிழ் ஒலிக்கும் வசதி கிடைத்தது.

பெற்றோருக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் என்றால், குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி ஆயாவின் வீட்டில்தான் கழிகிறது. அந்த வீட்டின் ஓசைதான் அதன் முதல் பள்ளிக்கூடம்.

<b>விளையாட்டைக் கலைக்கும் ஓசை</b>

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒன்று முதல் மூன்று வயது வரையிலான 50 குழந்தைகளை ஒரு மணி நேரம் பொம்மைகளுடன் விளையாட விட்டார்கள். அதில் பாதி நேரம் பெரியவர்களுக்கான வினாடி வினா நிகழ்ச்சி ஒன்று பக்கத்தில் ஓடியது. குழந்தைகள் அதைச் சில விநாடிகள் எட்டிப் பார்த்ததோடு சரி. ஆனாலும் ஒரு பொம்மையோடு அவர்கள் விளையாடிய நேரம் குறைந்தது. ஊன்றிய கவனமும் குறைந்தது.

கண்ணை மூடலாம், காதை மூட முடியாது. திடீரென்று எழும் சிரிப்பு, மணியோசை, இசை ஆகியவை குழந்தையின் கவனத்தைப் பிடித்து இழுக்கின்றன. கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளை நிமிர்ந்து பார்க்கிறது. திரும்பும்போது என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது மறந்து போகிறது.

பெரியவர்களும் இதற்குத் தப்பவில்லை. இரண்டு மாதம் முதல் நான்கு வயது வரையிலான 329 குழந்தைகளின் உடையில் ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்தி நடத்திய ஆய்வு 2009ஆம் ஆண்டு வெளிவந்தது. தொலைக்காட்சி ஒலித்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும், குழந்தை பெரியவர்களிடமிருந்து கேட்ட சொற்கள் ஏறக்குறைய 770 குறைந்தன. தொலைக்காட்சி பேசும்போது ஆயா பேசுவதில்லை. தொலைக்காட்சியின் பேச்சு அந்த இடத்தை நிரப்பாது. குழந்தை ‘ங்கா’ என்றால் அது பதில் சொல்லாது.

<b>மலையா, மழையா?</b>

பேச்சில் பாதி காதில் விழாவிட்டாலும் பெரியவர்கள் ஊகித்துக்கொள்வார்கள். நமக்குச் சொற்கள் முன்பே தெரியும். குழந்தைக்கு அந்த வசதி இல்லை. பின்னணிப் பேச்சைவிடப் பத்து டெசிபல் உரக்க அழைத்தால்தான் ஐந்து மாதக் குழந்தை தன் பெயரைக் கண்டுகொள்கிறது என்று 2005ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

மலை, மழை, புலி, புளி. ஒவ்வொரு இணையிலும் ஓர் எழுத்துதான் வேறுபடுகிறது. உயிரொலியைவிட மெய்யொலிகள் பெரும்பாலும் மெல்லியவை என்பதால், இரைச்சலில் அவையே முதலில் கரைகின்றன. சளி பிடித்த குழந்தைக்கு நடுக்காதில் நீர் கோத்திருந்தால் கேட்பது இன்னும் கடினம். ஆயாவிடம் தமிழ் கேட்டு வளரும் பிள்ளை தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டு போகும் முதலீடு இந்தச் சொற்கள்தான்.

<b>வீட்டிலேயே செய்யக் கூடியவை</b>

நாள் முழுவதும் நான்கு சுவருக்குள் பிள்ளைகளுடன் இருக்கும் ஆயாவுக்கும் துணை வேண்டும். தொலைக்காட்சியை அறவே நிறுத்தச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது. பிடித்த நாடகம் ஒன்றைப் பிள்ளைகள் உறங்கும் நேரத்தில், வேறு அறையில், ஒலியைக் குறைத்துப் பார்க்கலாம். முடிந்ததும் அணைத்துவிட வேண்டும். வானொலிக்கும் கைத்தொலைபேசிக்கும் இதே விதிதான். குழந்தைகளுக்கென்று திரையைப் போடுவதிலும் அளவு உண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே கூடாது, 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது.

வரிசை வீடுகளின் ஓட்டுத் தரையும் வெறும் சுவரும் ஓசையை எதிரொலிக்கும். விளையாடும் இடத்தில் தடித்த பாய், சன்னலில் கனத்த திரைச்சீலை, பக்கத்தில் ஒரு துணி சோபா இருந்தால் எதிரொலி குறையும். மசாலா அரைப்பது, துணி துவைக்கும் இயந்திரத்தைப் போடுவது போன்ற வேலைகளைப் பிள்ளைகள் வருவதற்கு முன்பே முடித்துக்கொள்ளலாம்.

இரைச்சல் இருந்தால் பிள்ளைகள் கத்துவார்கள். அதை மீறிக் கேட்க ஆயா தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவார். பிள்ளைகள் இன்னும் கத்துவார்கள். இந்தச் சுழலை உடைக்க எளிய வழி உண்டு. சமையலறையிலிருந்து குரல் கொடுக்காமல் பிள்ளையின் அருகில் போய், குனிந்து, பெயர் சொல்லி, சாதாரணக் குரலில் பேச வேண்டும்.

மாலை மழை தகரக் கூரையில் கொட்டும்போது எந்தப் பேச்சும் கேட்காது. அது வண்ணம் தீட்டும் நேரம். இரவு ஷிப்ட் பெற்றோரின் பிள்ளைகள் தூங்கும் அறையில் தொலைக்காட்சி வேண்டாம். உறங்கும் அறையில் ஒலி 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டி. அது மெல்லிய கிசுகிசுப்பின் அளவு.

<b>பெற்றோரின் பங்கு</b>

ஆயாவை மட்டும் குறை சொல்வது முறையாகாது. ஒருவரே எட்டு ஒன்பது பிள்ளைகளைச் சமாளிக்கும்போது தொலைக்காட்சிதான் இரண்டாவது ஆளாகிறது. வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நால்வரோ அதற்கு மேலோ இருந்தால், 1984ஆம் ஆண்டு குழந்தை பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிவு செய்ய வேண்டும். வீட்டில் நடத்தும் மையத்தில் பத்துக்கும் குறைவான பிள்ளைகளே இருக்கலாம். எத்தனை பிள்ளைகள், எத்தனை கைகள் என்று பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கைகள் கூடினால் கட்டணம் சற்றுக் கூடும். அதற்குப் பேரம் பேசுவது நம் பிள்ளைக்கே நட்டம்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பிள்ளை விளையாடும் இடத்தில் உட்கார்ந்து, இரண்டு முழ தூரத்தில் இருப்பவரிடம் சாதாரணக் குரலில் பேசிப் பாருங்கள். குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அந்த இடம் குழந்தைக்கு ஏற்றதல்ல. இரவு எட்டு மணிக்குத் தம் வீட்டுக் கூடத்திலும் பெற்றோர் இதைச் செய்து பார்க்கட்டும். ஷிப்ட் முடிந்து களைத்து வந்ததும் நாம் முதலில் தேடுவது ரிமோட்டைத்தானே? அன்றைய நாளில் என்ன நடந்தது என்று பிள்ளை சொல்ல வருவதும் அந்த நேரத்தில்தான்.