மேற்றிசை வாயில்: பாலக்காட்டுக் கணவாய்

கைபர், போலன் என்னும் கணவாய்களைப் பள்ளி நாளில் நம்மில் மனப்பாடம் செய்யாதார் இலர். வறண்ட மலைகளினூடே ஒட்டக வரிசைகள் சென்ற அவ்வழிகளைப் படத்தில் கண்டு வியந்தோம். ஆயின் வைட்ஃபீல்டில் வண்டியேறி, சோலையார்பேட்டை, சேலம், ஈரோடு கடந்து கேரளம் செல்லும்போது நாம் உறங்கியவாறே தாண்டிவிடும் கணவாயின் வரலாறு அவற்றுக்கு இளைத்ததன்று.

வடக்கே நீலகிரி, அதன் தொட்டபெட்டாச் சிகரம் 2,637 மீட்டர். தெற்கே ஆனைமலைத் தொடர். அதன் ஆனைமுடி 2,695 மீட்டர். இவ்விரு தொடர்களுக்கும் நடுவில், சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு, மேற்குத்தொடர்ச்சி மலை அறவே தாழ்ந்து கிடக்கிறது. மலையாள நாட்டு மழைக்காற்று இவ்வழியே புகுந்து வீசுகிறது. பல்லடம், உடுமலைப் பகுதிகளில் காற்றாலைகள் சுழல்வது இக்காற்றின் கொடையே. காற்று வந்த அளவுக்கு மழை வரவில்லை என்பதுதான் கொங்கு நாட்டாரின் குறை! பாலக்காட்டில் பெய்யும் மழையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே கோவைக்குக் கிட்டுகிறது.

மேற்கே சென்ற வணிகர்க்கு இதுவே வாயில். நொய்யற்கரைக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகள், அங்கே கல்மணி செய்யும் பட்டறைகள் இருந்ததைக் காட்டின. பதிற்றுப்பத்துக் கூறும் கொடுமணம் இவ்வூரே என்பர் அறிஞர். மேலைக் கடற்கரை முசிறியில் யவனர் கலங்கள் காத்திருந்தன. கோவையை அடுத்த வெள்ளலூரில் கிடைத்த ரோமானியக் காசுகள் அவ்வணிகத்தின் சான்றுகள்.

வணிகர் வந்த வழியில் படைகளும் வந்தன. கொங்குப் படையை விரட்டிய நினைவாகச் சித்தூரில் இன்றும் 'கொங்கன் படை' விழா நடைபெறுகிறது. 1766-இல் ஹைதர் அலி பாலக்காட்டில் கோட்டை எழுப்பினார்; கணவாயைக் காப்பவரே கோவையையும் மலபாரையும் இணைத்து ஆளலாம் என்பது அவர் கணக்கு. ஆங்கிலேயர் அதனை 1768, 1783, 1790 என மும்முறை கைப்பற்ற வேண்டியிருந்ததே கணவாயின் மதிப்புக்குச் சான்று. இடையில் குடிபெயர்ந்த எளியோரும் பலர். கல்பாத்தி அக்கிரகாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகள் பல கடந்தும் வீட்டில் தமிழ் பேசுவது, நம்போல் வெளியூரில் வாழ்வோர்க்கு உவகை தரும் செய்தியன்றோ!

இனி, நம் தொழிலைச் சார்ந்த இருப்புப்பாதைக்கு வருவோம். சென்னை இராயபுரத்தினின்று வாலாஜா ரோடு வரை 1856-இல் முதற்பாதை திறக்கப்பட்டது. மேலைக் கடற்கரையில் பேப்பூர்-திரூர்ப் பாதை 1861-இல் பிறந்தது. அடுத்த ஆண்டே, 1862-இல், இருமுனையும் கணவாய் வழியே கூடின. பம்பாயை அடுத்த போர்க் கணவாயில் இருபத்தைந்து சுரங்கங்கள் குடைந்த பின்னரே, 1863-இல், வண்டி மலையேறிற்று. இங்கோ இயற்கையே வழிவிட்டது. சோலையார்பேட்டையினின்று பெங்களூருக்குக் கிளைப்பாதை வந்தது 1864-இல். நம் வைட்ஃபீல்ட் குடியிருப்புக்கு மைசூர் மன்னர் நிலம் அளித்ததோ 1882-இல். ஊருக்கு முன்னரே பாதை வந்துவிட்டது!

மனிதர்க்கு வழியான இக்கணவாய் யானைகட்கு வழியாகவில்லை. நீலகிரிப்புற யானைகளும் ஆனைமலைப்புற யானைகளும் மரபணுவில் வேறுபட்டிருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. இத்தாழ்நிலம் நெடுங்காலமாகவே அவற்றைப் பிரித்து வைத்துள்ளது. எஞ்சிய காட்டோரத்தில், மதுக்கரைக்கும் வாளையாற்றுக்கும் இடையே, நீர் தேடி இறங்கும் யானைகளின் தடத்தை நம் பாதை குறுக்கே வெட்டுகிறது. 2021 நவம்பர் 26 இரவு, நவக்கரை அருகே, மங்களூர்-சென்னை வண்டி மோதி மூன்று யானைகள் மாண்டன.

2024 பிப்ரவரியில் மதுக்கரைக் காட்டில் பன்னிரண்டு கோபுரங்கள் அமைத்து, இருளிலும் உடல்வெப்பத்தால் யானையைக் கண்டறியும் கேமராக்களைத் தமிழக வனத்துறை பொருத்தியது. யானை பாதையை நெருங்கின் வனத்துறையினர்க்கும் ரயில்வேயினர்க்கும் செய்தி பறக்கிறது. ஓட்டுநர் வேகத்தைத் தளர்த்துகிறார். பெட்டியிலிருப்போர் கைக்கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுக்கிறார்கள். வெளியே இருளில் ஒரு குட்டி தாயின் பின்னே தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருக்கக் கூடும்.